ஐம்பது லியாங் வெள்ளி

மிங் வம்சத்தின் நடுப்பகுதியிலிருந்து சீன அரசு வெள்ளியில் வரி வாங்கியது, வெள்ளியில் படைக்குச் சம்பளம் கொடுத்தது, வெள்ளியில் கணக்கு எழுதியது. ஆனால் வெள்ளிக் காசு அடிக்கவில்லை. திபெத்துக்கென்றும் ஓரிரு வட்டாரங்களிலும் அடித்ததை விட்டுவிட்டால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திர நாணயச்சாலைகள் வரும்வரை அத்தனை பெரிய நாட்டின் பெரிய பணம் வெறும் உலோகக் கட்டியாகவே கைமாறியது. அரசர் தலை கிடையாது. இவ்வளவு மதிப்பு என்று முத்திரையும் கிடையாது. ஒவ்வொரு முறையும் எடை போட வேண்டும், மாற்றுப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் கணக்கு.

அப்படியானால் தராசைப் பிடித்தது யார்? உருக்கிய செலவு யார் தலையில் விழுந்தது? இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளத்தான் நான் ஷான்சி மாகாணத்துக்குப் போனேன். வெள்ளியைப் பற்றிப் பேசுகிற ஊர்கள் சீனாவில் பல உண்டு. வெள்ளியைத் தூக்கிச் சுமக்கிற சிரமத்திலிருந்தே ஒரு தொழிலைக் கண்டுபிடித்த ஊர் பிங்யாவ்.

மாகாணத் தலைநகர் தைய்யுவானில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பிங்யாவ். ஸ்டேஷன் பழைய ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வண்டியில் வரும்போது புதிய அடுக்குமாடிகள் ஓய்ந்து, சாம்பல் நிறச் செங்கல் சுவர் ஒன்று குறுக்கே எழுகிறது. 1370-இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்தில் பெரிதாக்கிக் கட்டிய கோட்டைச் சுவர் அது. சுற்றளவு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆறு வாசல்கள். மேலே ஏறி நடந்தால் இடது பக்கம் பேருந்து நிலையமும் கைப்பேசிக் கோபுரங்களும், வலது பக்கம் அலையலையாக ஓட்டுக் கூரைகள். வீடுகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டி முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. 1980-களின் தொடக்கத்தில் இந்தச் சுவரையும் தெருக்களையும் இடித்து அகலச் சாலை போடத் திட்டம் வந்தது. ஷாங்காயின் தொங்ஜி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ருவான் யிசான் வந்து தடுத்து, பழைய ஊரை அப்படியே விட்டுப் புதிய ஊரை வெளியே கட்டலாம் என்று மாற்றுத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த ஒரு மனிதருக்கு இந்த ஊர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது சுவர்மேல் நடக்கும்போதுதான் புரியும்.

ஷான்சி விளைச்சலுக்குப் பேர்போன மண் அல்ல. மழை குறைவு, ஆள் அதிகம். அதனால் இங்கிருந்து ஆண்கள் வெளியே போனார்கள். மிங் காலத்தில் வடக்கு எல்லைப் படைகளுக்குத் தானியம் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்கு உப்பு விற்கும் உரிமை வாங்கினார்கள். அடுத்து வந்த சிங் வம்சத்தின் காலத்தில் தெற்கே தேயிலை வாங்கி மங்கோலியப் புல்வெளி கடந்து ருஷ்ய எல்லையில் கியாக்தா வரை விற்றார்கள். மனைவி மக்கள் ஊரில், கடை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. சம்பாதித்த வெள்ளி வீடு வந்து சேர வேண்டும். பிங்யாவின் கதை முழுதும் இந்த ஒரு தேவையில்தான் நிற்கிறது.

மேற்குத் தெருவில் ரிஷெங்சாங் இருக்கிறது. சீனாவின் முதல் உண்டியல் கடை, அதாவது ஓர் ஊரில் வெள்ளி கட்டி இன்னோர் ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் கடை. 1823-இல் தொடங்கி 1914-இல் மூடிய நிறுவனம். 1995 முதல் அருங்காட்சியகம். வாசல் சிறியது. உள்ளே போகப் போக முற்றத்துக்குப் பின் முற்றமாக நீண்டுகொண்டே போகிறது. முன்முற்றத்தின் இரு பக்கமும் பணம் வாங்கும் அறை, கொடுக்கும் அறை. தரைக்குக் கீழே வெள்ளி வைத்த நிலவறை. முற்றத்துக்கு மேலே வானத்தை மறைத்து மணிகள் கோத்த கம்பி வலை. கூரை வழியாகத் திருடன் இறங்கினால் மணி அடிக்கும்.

அங்கேதான் ஐம்பது லியாங் கட்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு லியாங் என்பது அரசுக் கருவூலத் தராசில் சுமார் 37.3 கிராம். ஐம்பது லியாங் என்றால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் காது தூக்கி, நடுவில் பள்ளமாக, ஓடம் வடிவில் இருக்கும். அதை யுவான்பாவ் என்பார்கள். கடைத்தெருவில் விற்கும் பொம்மை யுவான்பாவ் எல்லாம் தங்க நிறத்தில், நடுவில் முட்டை வைத்தாற்போல் புடைத்திருக்கும். புத்தாண்டுக்குச் செல்வம் வேண்டி வீட்டில் வைப்பது அதைத்தான். இறந்தவர்களுக்குக் காகிதத்தில் மடித்து எரிப்பதும் அந்த வடிவத்தைத்தான். உண்மையான கட்டி அப்படி இல்லை. மங்கலான சாம்பல் வெள்ளை. நடுப்பள்ளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக நூல் சுற்றியது போன்ற மெல்லிய வரிகள். உருகிய வெள்ளி அச்சில் ஆறும்போது அச்சைத் தட்டித் தட்டி அசைப்பதால் உண்டாகும் வரிகள் இவை. கலப்படம் கூடினால் இந்த வரி இப்படி விழாது. பள்ளத்துக்குள் ஆழமாக அடித்த முத்திரைகள்: எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எந்தத் தட்டார்.

அங்கிருந்த வழிகாட்டிப் பெண் கட்டியின் அடிப்பக்கத்தின் படம் ஒன்றைக் காட்டினார். தேன்கூடு மாதிரி முழுக்க ஓட்டைகள்.

“இதைப் பார்த்துப் பழுது என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் முதலில் கட்டியைக் கவிழ்த்து இந்த ஓட்டைகளைத்தான் பார்ப்பார்கள்” என்றார். வெள்ளி ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதால் வரும் ஓட்டைகள் அவை. ஓரம் மழுங்கி, உள்ளே ஆழமாகப் போயிருந்தால் நல்ல வார்ப்பு. விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுகிற ஆட்கள் இருந்தார்கள்.

இந்த இரண்டு கிலோ கட்டியைக் கொண்டு யாரும் காய்கறி வாங்கியதில்லை. அன்றாடச் செலவுக்கு நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசு. ஆயிரம் காசை ஒரு கயிற்றில் கோத்தால் ஒரு சரம். இரண்டுக்கும் நடுவில் சில்லறை வெள்ளி: பத்து லியாங், ஐந்து லியாங், உருண்டைகள், துண்டுகள். கட்டியைக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பார்கள். வியாபாரியின் இடுப்பில் எலும்பிலோ தந்தத்திலோ கோல் வைத்த சிறு தராசு, மர உறைக்குள் இருக்கும். மருந்துக்கடைக்காரர் வைத்திருக்கும் அதே தராசு. அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு தராசு இருக்கிறது. கோலில் புள்ளிகள் குண்டூசி முனை அளவுக்குப் பதித்திருக்கிறார்கள். லியாங்கில் நூறில் ஒரு பங்கைக்கூட அதில் நிறுத்தலாம்.

சீனாவுக்குக் காகிதப் பணம் தெரியாமல் இல்லை. 11-ஆம் நூற்றாண்டிலேயே சிச்சுவானில் அரசு நோட்டு போட்டது. யுவான் வம்சம் நாடு முழுக்க நோட்டில் ஓட்டியது. மிங் வம்சமும் 1375-இல் தன் நோட்டை வெளியிட்டது. ஆனால் நோட்டை மாற்றிக்கொள்ளப் பின்னால் எதுவும் வைக்காமல் அச்சடித்துக்கொண்டே போனதால் இரண்டு தலைமுறையில் அது வெறும் தாளானது. மக்கள் தாங்களாகவே வெள்ளிக்குப் போனார்கள். அரசு தடுத்துப் பார்த்து, முடியாமல், 1436-இல் தெற்கு மாகாணங்களின் தானிய வரியில் ஒரு பகுதியை வெள்ளியாக வாங்க ஒப்புக்கொண்டது. நான்கு ஷி தானியத்துக்கு ஒரு லியாங் என்று கணக்கு. 1581-இல் அமைச்சர் சாங் ஜூசெங் பலவகை வரிகளையும் ஊழியக் கடமைகளையும் ஒன்றாகக் கட்டி வெள்ளியில் செலுத்தும் முறையை நாடு முழுக்கப் பரப்பினார். நிர்வாகத்துக்கு அது பெரிய வசதி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சீனாவில் வெள்ளிச் சுரங்கம் அதிகம் இல்லை. ஜப்பானின் இவாமியிலிருந்து வந்தது. 1545-இல் கண்டுபிடித்த பொத்தோசி மலையிலிருந்து, ஸ்பானியக் கப்பலில் அக்காபுல்கோ தாண்டி மணிலா வழியாக வந்தது. ஹுனான் மலைக்கிராமத்து விவசாயி வரி கட்டுவதற்கு, பொலிவியாவில் ஒருவன் சுரங்கத்தில் இறங்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாது.

விவசாயிக்கு இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். அவன் கையில் நெல்லோ கோதுமையோதான் விளைகிறது. அறுவடை முடிந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தானியத்தை விற்றால்தான் வெள்ளி கிடைக்கும். எல்லோரும் விற்கும் நேரத்தில் விலை விழும். சந்தையே இல்லாத ஊரில் வெள்ளி கண்ணிலேயே படாது. மிங் வம்சம் விழுந்த பிறகு வடக்கே ஊர் ஊராகச் சுற்றிய அறிஞர் கு யான்வூ இதைத் தம் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். பக்கத்து மாகாணமான ஷென்சியின் மேற்குப் பகுதியில் விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டிலும் மக்கள் வரி வெள்ளிக்காக மனைவி மக்களை விற்றார்கள். வரி கட்டும் நாளில் கிராமமே திரண்டு வந்து ஆட்களை விற்றதால் அதற்கு ஆள்சந்தை என்றே பெயர் விழுந்தது. பஞ்சத்தில் விற்றது அல்ல. களஞ்சியத்தில் தானியம் இருக்க, வெள்ளி இல்லாததால் விற்றது. கடல் வணிகம் இல்லாத உள்நாட்டு மாகாணங்களில் தானியமாகவோ செப்புக் காசாகவோ வரி வாங்குங்கள் என்று அவர் வாதாடினார். அவர் காலத்தவரான ஹுவாங் சோங்சி வெள்ளியையே பணமாக வைத்திருக்கக் கூடாது என்றார். அரசு இருவர் சொன்னதையும் கேட்கவில்லை.

வெள்ளியைத் தேடிப் பிடித்துக் கட்டினாலும் தொல்லை தீராது. விவசாயிகள் கொண்டுவருவது துண்டும் துணுக்கும். அதை உருக்கி ஐம்பது லியாங் கட்டியாக வார்த்துத்தான் மாவட்டம் மேலே அனுப்பும். உருக்கினால் கொஞ்சம் குறையும். நம்மூர் நகைக்கடையில் சேதாரம் போடுகிறார்களே, அதையேதான் மாவட்ட அதிகாரியும் போட்டார். நெருப்பில் போனது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கலாம். வாங்கியது பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல். அதிகாரிகளுக்குச் சம்பளம் மிகக் குறைவு, அலுவலகம் நடத்த நிதியே கிடையாது, ஆகவே சேதாரத்தில்தான் அலுவலகம் ஓடியது. இதை முதலில் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது இதே ஷான்சிதான் என்பது அங்கே போன பிறகு எனக்குக் கூடுதல் அர்த்தத்தோடு பட்டது. 1723-இல் ஷான்சி ஆளுநர் நோமின், மாவட்டங்கள் வாங்கும் சேதாரம் முழுவதையும் மாகாணக் கருவூலத்துக்கு வரவழைத்தார். அதிலிருந்து அதிகாரிகளுக்கு, நேர்மையாக இருப்பதற்கென்றே ஒரு படி கொடுத்தார். அடுத்த ஆண்டு யொங்செங் பேரரசர் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். ரகசியமாக வாங்கியது வெளிப்படையாக வந்தது, அளவும் கட்டுப்பட்டது. இது நல்ல சீர்திருத்தம் என்றே நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் செலவு ஏறி, படி ஏறாமல், சட்டப்படியான சேதாரத்துக்கு மேலே இன்னொரு சேதாரம் முளைத்தது.

எடையிலும் ஒற்றுமை இல்லை. கருவூலத் தராசு ஒன்று, சுங்கத் தராசு ஒன்று, தெற்கிலிருந்து தலைநகருக்குப் போகும் தானிய வரிக்கு ஒன்று, ஒவ்வொரு சந்தைக்கும் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட லியாங்குகள் புழக்கத்தில் இருந்தன. பெய்ஜிங்கில் வாங்கிய ஆயிரம் லியாங்கை வேறு ஊரில் நிறுத்தினால் ஆயிரமாக இருக்காது. ரிஷெங்சாங் போன்ற கடைகளின் முதல் மூலதனம் வெள்ளி என்பதைவிட இந்த அறிவுதான். எந்த ஊர்த் தராசு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய, எந்த ஊர்க் கட்டி என்ன மாற்று என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்த பையன்கள் வருடக்கணக்கில் மணிச்சட்டம் பழகி, வெள்ளியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் தேற்றினார்கள். தேறியவனுக்குப் பணம் போடாமலே லாபத்தில் பங்கு உண்டு. உழைப்புக்கு என்று தனிப் பங்கு எழுதிய அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

உண்டியல் வருவதற்கு முன்னால் வெள்ளி நேரடியாகத்தான் பயணம் செய்தது. அதற்கென்று ஆயுதம் ஏந்திய துணைப்படைக் கடைகள் இருந்தன. பிங்யாவில் அப்படி ஒரு கடையின் பழைய வீடு இன்னும் இருக்கிறது. ஈட்டி, வாள், ஒற்றைச் சக்கர வண்டி, அதில் குத்திய கொடி. ஒரு லட்சம் லியாங் என்றால் 3,700 கிலோ. கோவேறு கழுதைகள், ஆட்கள், அவர்களுக்குச் சோறு, வழியில் சத்திரம், மழைக்காலத்தில் ஆறு கடப்பது, மலைக்கணவாயில் கொள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கும் மரியாதைப் பணம். தெற்கு சோங் காலத்துத் தளபதி சாங் ஜுன் தம் வெள்ளியை ஆயிரம் லியாங் உருண்டைகளாக வார்த்து வைத்தாராம். அத்தனை கனமான வழவழப்பான உருண்டையைத் திருடன் எங்கே பிடித்துத் தூக்குவான்? அதற்கு ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்றே பெயர் வைத்திருந்ததாக அக்காலத்து எழுத்தாளர் ஹொங் மாய் எழுதியிருக்கிறார்.

இந்தச் சிரமத்துக்கு வழி கண்ட லெய் லூதாய் பிங்யாவ்காரர். சியூசெங் என்ற சாயக்கடையின் மேலாளர். முதலாளி லி குடும்பம். பெய்ஜிங்கில் கிளை இருந்தது. வருடக் கடைசியில் பெய்ஜிங்கிலிருக்கும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வெள்ளி அனுப்ப வேண்டி அந்தக் கிளையில் கொண்டுவந்து கட்டுவார்கள். கிளை சீட்டு எழுதிக் கொடுக்கும். ஊரில் சாயக்கடையில் காட்டி வாங்கிக்கொள்ளலாம். முதலில் பழக்கத்துக்காகச் செய்தது. பிறகு சிறு கட்டணம் வைத்தார்கள். சாயத்தைவிட இதில் லாபம் அதிகம் என்று தெரிந்ததும் 1823-இல் சாயத்தை விட்டுவிட்டு ரிஷெங்சாங் என்ற பெயரில் இதையே தொழிலாக்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கிளைகள் வந்தன. லெய்க்கு அடுத்த நிலையிலிருந்த மாவ் ஹொங்ஹுய் மனக்கசப்பில் பிரிந்துபோய், அதே தெருவில் வெய்தாய்ஹோவ் என்ற போட்டிக் கடையை எழுப்பினார். சில பத்தாண்டுகளில் இந்தச் சிறிய ஊரிலேயே இருபதுக்கு மேல் உண்டியல் கடைகள்.

இரண்டாவது முற்றத்து அறையில் அந்த உண்டியல்களின் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கடையின் பெயர் உள்ளே நிழலாகத் தெரியும். ஒவ்வொரு கிளையிலும் உண்டியல் எழுத ஒருவர்தான்; அவருடைய கையெழுத்து மாதிரி எல்லாக் கிளைகளுக்கும் போயிருக்கும். ஆள் மாறினால் புதிய மாதிரி போகும். தேதியும் தொகையும் எண்ணால் எழுதப்படாது. பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு எழுத்து, முப்பது நாட்களுக்கு முப்பது, எண்களுக்குத் தனியாக ஒரு தொகுதி. அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக வாசித்தால் போலிச் சீட்டைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று வரும்; முப்பதையும் வாசித்தால் வஞ்சகத்துக்குத் தண்டனை உண்டு என்று வரும். ஊழியர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக அப்படி அமைத்தார்கள். அவ்வப்போது தொகுதியையே மாற்றிவிடுவார்கள்.

ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். பிச்சையெடுத்துப் பிழைத்த விதவை ஒருத்தி, கணவனின் பழைய உடுப்பின் தையலுக்குள் 12,000 லியாங் உண்டியலைக் கண்டெடுத்து ரிஷெங்சாங்குக்குக் கொண்டுவந்தாள். எழுதி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டிச் சரிபார்த்து, வட்டியோடு கொடுத்தார்கள் என்று. வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. “இது நடந்ததா என்று கேட்பார்கள். இந்தக் கடையைப் பற்றி ஊர் இப்படித்தான் நம்பியது, அது நடந்தது” என்றார்.

வெள்ளியின் சுமையைக் குறைக்க வியாபாரிகளுக்கு வழி கிடைத்தது. விவசாயிக்குக் கிடைக்கவில்லை. ரிஷெங்சாங் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் வெள்ளி நாட்டைவிட்டு வெளியே ஓடியது. வங்காளத்திலும் மால்வாவிலும் விளைந்த அபின், கல்கத்தாவிலும் பம்பாயிலும் கப்பலேறி, காண்டன் முகத்துவாரத்தில் இறங்கி, வெள்ளியாக மாறித் திரும்பியது. லத்தீன் அமெரிக்காவின் விடுதலைப் போர்களால் சுரங்க உற்பத்தியும் விழுந்திருந்தது. ஒரு லியாங்குக்கு ஆயிரம் செப்புக் காசு என்றிருந்தது, 1840-களில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. வரி வெள்ளிக் கணக்கில், வருமானம் செப்புக் காசில்; வரி ஏறாமலே இரட்டிப்பானது. 1852-இல் சோங் குவோஃபான் என்ற உயர் அதிகாரி பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் மக்களின் துயரங்களில் முதலாவதாக இதைத்தான் வைத்தார். முன்பு மூன்று தோவ் அரிசி விற்றால் ஒரு மூ நிலத்தின் வரி கட்டி மிச்சமும் இருக்கும். இப்போது ஆறு தோவ் விற்றாலும் போதவில்லை என்று கணக்குக் காட்டினார். அப்போது தைப்பிங் கலகம் தொடங்கிவிட்டது. அந்த விண்ணப்பம்தான் என்னைப் பொறுத்தவரை 19-ஆம் நூற்றாண்டுச் சீனாவின் மிக முக்கியமான பொருளாதார ஆவணம். அதைவிட எளிமையாக ஒரு நாணயச் சிக்கலைச் சாப்பாட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தவர் இல்லை.

1900-இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது பேரரசி ட்ஸுஷி ஷான்சி வழியாக ஷியானுக்கு ஓடினார். அரசுக்கு வழிச்செலவு கொடுத்தது உண்டியல் கடைகள். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் விதித்த தண்டம் 45 கோடி லியாங், வட்டி தனி. மாகாணங்கள் தம் பங்கை ஷாங்காய்க்கு அனுப்பியதில் பெரும்பகுதி இவர்கள் கை வழியாகவே போனது, நல்ல வருமானம். அரசை நம்பி வளர்ந்தவர்கள் அரசோடு விழுந்தார்கள். 1911 புரட்சியில் வைப்புப் போட்டவர்கள் முண்டியடித்துக் கேட்டார்கள், கடன் வாங்கிய அதிகாரிகள் காணாமல் போனார்கள். நவீன வங்கியாக மாறச் சொல்லி உள்ளேயே குரல் எழுந்தும் மூத்த மேலாளர்கள் இசையவில்லை. மூன்று வருடத்தில் கதவு மூடியது.

பிங்யாவிலிருந்து ஷாங்காய் போனேன். அங்கே அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் மாகாண வாரியாகக் கட்டிகள்: யுன்னானின் சேணம் போன்றது, ஷென்சியின் தொட்டி போன்றது, சிச்சுவானின் வட்டக் கட்டி. கூடவே, சீன வணிகர்கள் சரிபார்த்துச் சரிபார்த்து முத்திரை குத்தியதில் முகமே தேய்ந்துபோன மெக்சிகோ டாலர்கள். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டவை கட்டிகளில் தூரிகையால் எழுதிய கறுப்பு மைக் குறிப்புகள். ஷாங்காயில் எந்தக் கட்டி வந்தாலும் பொது மாற்றுச் சாவடியில் எடை போட்டு, மாற்றுக் கணித்து, மையால் எழுதிவிடுவார்கள். மாற்று நன்றாக இருந்தால் ஐம்பது லியாங் கட்டிக்கு 2.7 லியாங் கூட்டி எழுதுவார்கள், மட்டமானால் கழிப்பார்கள். உரைகல்லோ அமிலமோ இல்லை, கண்ணால் பார்த்துத்தான். அந்த மை இருக்கும்வரை வெளிநாட்டு வங்கிகளும் மறுபேச்சில்லாமல் வாங்கின. ஷாங்காய் வணிகம் முழுதும் கணக்கிட்ட லியாங்கோ யாரும் கையில் பிடிக்க முடியாதது. அந்த எடையிலும் மாற்றிலும் கட்டி எதுவும் வார்க்கப்பட்டதே இல்லை, ஏட்டில் மட்டும் வாழ்ந்த அலகு. 1933 ஏப்ரலில் அரசு லியாங்கை ஒழித்தது: ஷாங்காய் லியாங்கில் 0.715 ஒரு யுவான் என்று மாற்று விகிதம். மாற்றுச் சாவடிகளுக்கும் உலைகளுக்கும் வேலை போனது. அடுத்த வருடமே அமெரிக்கா வெள்ளியை வாங்கிக் குவிக்கச் சட்டம் போட்டது. உலக விலை ஏறி, சீன வெள்ளி கப்பல் கப்பலாக வெளியேறியது. 1935 நவம்பரில் சீனா வெள்ளியையே கைவிட்டு நோட்டுக்குப் போனது.

கட்டிகள் உருகின. வார்த்தவற்றில் மிகச் சொற்பம்தான் மிஞ்சியது. கருவூலத்திலும் கடையிலும் இருந்தவை தப்பவில்லை. புதைந்தவையும் மூழ்கியவையும் தப்பின. அதனால்தான் கடைசியாகச் செங்டூவுக்குத் தெற்கே பெங்ஷான் போனேன்.

அங்கே ஜியாங்கோவ் என்ற இடத்தில் இரண்டு ஆறுகள் கலந்து மின் ஆறாகப் போகின்றன. அகலமான, கலங்கிய, வேகமான நீர், கரையோரம் கூழாங்கல். மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மஞ்சூரியப் போருக்கென்று வரிமேல் வரி போட்டதில் வடமேற்கு வெடித்தது. அங்கே கிளம்பியவர்களில் ஒருவன் சாங் சியான்சோங். ஊர் ஊராகக் கருவூலங்களைக் கொள்ளையடித்து, 1643-இல் வூசாங்கையும் சாங்ஷாவையும் பிடித்து, 1644-இல் செங்டூவில் அரசனானான். சிச்சுவானில் அவன் செய்த கொலைகள் இன்றும் அந்த மாகாணத்தின் நினைவில் இருக்கின்றன. 1646-இல் வெள்ளியைப் படகுகளில் ஏற்றி ஆற்றுவழியே போனபோது, இந்த இடத்தில் மிங் தளபதி யாங் சான் மறித்துப் படகுகளை எரித்து மூழ்கடித்தார். சில மாதங்களில் சாங் மஞ்சூப் படையின் அம்பில் இறந்தான். புதையலைப் பற்றிச் சிறுவர் பாட்டு ஒன்று முந்நூறு வருடம் புழங்கியது. அறிஞர்கள் அதைக் கட்டுக்கதை என்றார்கள். 2005-இல் தண்ணீர்க் குழாய் பதிக்க ஆற்றுப்படுகையைத் தோண்டியபோது ஒரு மரக்கட்டை வெளிவந்தது. நீளவாக்கில் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி மூடிக் கட்டியது. உள்ளே ஏழு வெள்ளிக் கட்டிகள். அதன் பின் இரவில் மூழ்கித் திருடும் கும்பல்கள் வந்தன, போலீஸ் பிடித்தது. 2017 குளிர்காலத்தில் நீர் குறைந்தபோது அணை கட்டி, நீரை இறைத்து, முறைப்படி தோண்டினார்கள். ஒரே பருவத்தில் 30,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன.

மரக்கட்டையில் இருந்த ஏழில் ஒன்றின் எழுத்து எனக்கு மற்றதெல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது. யுவான்லிங் மாவட்டம், வசூல் முடிந்து மாகாணக் கருவூலத்துக்கு அனுப்பியது, ஐம்பது லியாங், சொங்சென் பத்தாம் ஆண்டு எட்டாம் மாதம், அதாவது 1637, வெள்ளித் தட்டார் ஜியாங் குவோதாய். வரியின் பெயர், நாட்டை வளப்படுத்தும் வெள்ளி. யுவான்லிங் மேற்கு ஹுனானில் மலைகளுக்கு நடுவே இருக்கும் மாவட்டம். தட்டாரின் பெயர் இருப்பதற்குக் காரணம் எளிது: மேலே போய் எடை குறைந்தாலோ மாற்று மட்டமானாலோ அவனைத்தான் பிடிப்பார்கள். அவனுடைய மூசையில் உருகியது பல வீடுகள் தானியம் விற்று வாங்கிய துண்டு வெள்ளியும் அதன்மேல் வாங்கிய சேதாரமும். அவர்களுக்குக் கிடைத்தது காகித ரசீது. அந்த ஆண்டின் ரசீதுகள் ஒன்றையும் நான் எங்கும் பார்க்கவில்லை. கட்டி மட்டும் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆற்றுமணலில் கிடந்து, எழுத்து அழியாமல் வந்திருக்கிறது.